துணிக்கடியில் பிடித்த விரல்

2009 ஆகஸ்ட் 3

டைல்ஸ் கம்பெனிக்காரன் ஜனவரியில் கொடுத்த டைரி ஏழு மாதமாக மேஜை டிராயரில் காலியாகக் கிடந்தது. நேற்று ஒரு மேஸ்திரியோடு போட்ட சண்டையை வீட்டில் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தேன். தைலம் சொன்னாள்: "கடையில கத்துனத எழுதி வச்சுட்டு வாங்க. இங்க வந்து ரெண்டாந்தரம் கத்தாதீங்க." பெண்டாட்டி சொல்வதில் பாதியை நான் கேட்பதில்லை. இதைக் கேட்டுவிட்டேன்.

புது ஷோரூம் திறந்து இன்றோடு ஒரு மாதம். முன்பக்கம் முழுக்க வெள்ளை டைல்ஸ். குனிந்தால் முகம் தெரியும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும் என்று நானே போர்டு எழுதி மாட்டினேன். காலையில் ஒரு பெரிய மனிதர் கழற்ற மனமில்லாமல் வாசலிலேயே நின்றார். நான் அவரைப் பார்க்கவில்லை. போர்டைப் பார்த்தேன். கழற்றினார். இரண்டு மாடி வீட்டுக்குத் தரை, குளியலறை எல்லாம் எடுத்துக்கொண்டு போனார்.

ஆகஸ்ட் 23

மதி சிதம்பரத்திலிருந்து வந்தாள். இன்ஜினியரிங் கடைசி வருஷம். ஒரே பெண், நினைத்ததைப் பேசுவாள், என்னைப் போல. முதுகில் கிட்டார். நாலு பேர் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறார்கள். இவள்தான் பாடுகிறாள். செல்போனில் ஒன்றைப் போட்டுக் காட்டினாள்.

"இது பாட்டா, டைல்ஸ் வெட்டுற மிஷினா?"

"ராக்குப்பா. கொஞ்சம் பொறுங்க, வார்த்தை வரும்."

வார்த்தை வந்தது. இங்கிலீஷ். நான் எட்டாவது. இன்வாய்ஸ் படிப்பேன், அதற்கு மேல் போகாது.

சொந்தமாக ஒரு பாட்டு எழுதியிருக்கிறாளாம், அடுத்த மாதம் கல்லூரி விழாவில் பாடுகிறாளாம். "நீங்க வந்து கேக்கணும்பா." கடையை யார் பார்ப்பது என்றேன். மூஞ்சி கொஞ்சம் வாடியது. அவளுக்குப் பாடிக் காட்ட அம்மா இருக்கிறாள், மாமா இருக்கிறார். என்னை ஏன் கூப்பிடுகிறாள்?

செப்டம்பர் 28

ராபர்ட் போன். தைலத்தின் அண்ணன், ஹெட்மாஸ்டர். அவர் போன் செய்தால் ஒன்று சர்ச் விஷயம், இல்லையென்றால் அடுத்தவன் வீட்டு விஷயம்.

"மாப்ள, மதி என்னா பாட்டு பாடுச்சுன்னு தெரியுமா ஒனக்கு?"

"இங்கிலீஷ் பாட்டு."

"இங்கிலீஷ்தான். என்னா சொல்லுதுன்னு தெரியுமான்னு கேக்குறேன்."

ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறாராம். போனில் சொல்ல முடியாததாம்.

அக்டோபர் 4

வந்தார். கல்லூரி மலரில் பாட்டை அச்சடித்திருக்கிறார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு வரிவரியாக விரல் வைத்து விளக்கினார். தைலம் வாசப்படியில் நின்று கேட்டாள்.

ஒரு வீட்டு வாசலில் பெண் நிற்கிறாள், உள்ளே கூப்பிடவில்லை. அப்படியென்றால் பையன் வேறு சாதி. மணிகள் ஒலிக்கின்றன. அப்படியென்றால் கல்யாண ஆசை. வெளிச்சத்தில் தொடாத ஒருவன் துணிக்கு அடியில் கையைப் பிடிக்கிறான். இதற்கு மேல் ராபர்ட் விளக்கவில்லை. தொண்டையைச் செருமினார்.

"குழுவுல இளவரசுன்னு ஒருத்தன் இருக்கானாம். கீரப்பாளையம் பக்கம், நெலம் வச்சிருக்கவங்க. மிச்சத்த நீயே கூட்டிக்க மாப்ள."

வியாபாரத்தில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. கேட்பவன் எந்த டைல்ஸைப் பார்க்காத மாதிரி நடிக்கிறானோ அதுதான் அவனுக்கு வேண்டும். இருபது வருஷமாக இந்தக் கணக்கு பொய்த்ததில்லை. சொந்தப் பெண் ஆகஸ்டில் எதிரில் உட்கார்ந்து "நீங்க வந்து கேக்கணும்பா" என்றபோது எதுவும் புலப்படவில்லையே. சொல்லத்தான் வந்தாளோ?

அக்டோபர் 6

ராபர்ட்டை முழுக்க நம்ப மாட்டேன். ஒரே இடத்தில் விலை கேட்டு நான் சரக்கு எடுப்பதில்லை. வைத்திலிங்கம் சாரிடம் போனேன். டுடோரியலில் இங்கிலீஷ் நடத்தி ஓய்வு பெற்றவர், வீட்டுக்கு நம் கடை டைல்ஸ்தான். என் பெண் எழுதியது என்று சொல்லவில்லை. தமிழில் எழுதிக் கொடுத்தார். அழகான கையெழுத்து. இங்கே ஒட்டியிருக்கிறேன்.

*வாசலில் நின்றேன், உள்ளே வா என்று எவரும் சொல்லவில்லை.*
*என் கைகளே கிண்ணம், அதில் விழுந்த நீரைக் குடித்தேன்.*
*ஏழு மணிகள் எனக்கு முன்னால் ஒலித்தபடி நடந்தன.*
*வெயிலில் என்னைத் தொடாதவனே,*
*துணிக்கடியில் ஏன் என் விரலைப் பிடித்தாய்?*
*ஒரு நாள் நான் ஒரு தரை போடுவேன்.*
*அதில் உன் முகம் தெரியும்.*
*வெறுங்காலோடு நீ அதன்மேல் நடப்பாய்.*

"இது மரணத்தப் பத்தினது தேவசகாயம்" என்றார். மணி என்பது சாவு மணி, துணி என்பது கோடித் துணி, கடைசியில் வரும் தரை சொர்க்கம். வீட்டுக்கு வந்தபோது ராபர்ட் சொன்னதே தேவலை என்று தோன்றியது. சாவுக்குக் காதல் மேல்.

அக்டோபர் 11

நானும் ராபர்ட்டும் சிதம்பரம் போனோம். அவளை ஹாஸ்டலுக்கு வெளியே ஜூஸ் கடையில் உட்கார வைத்துக் கேட்டோம். கேட்டது முழுக்க ராபர்ட்தான். நான் மலரை மேஜைமேல் வைத்தேன், அவ்வளவே.

மலரைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. "படிச்சீங்களாப்பா?" என்றாள். ராபர்ட் பேச ஆரம்பித்ததும் அந்த முகம் போய்விட்டது.

"மாமா, அந்தப் பாட்டுல வர்றது நான் இல்ல."

"அப்ப யாரு?"

"சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

"யாருக்கு?"

என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். எழுந்து போய்விட்டாள்.

யாருக்கு வாக்குக் கொடுத்தாளாம்? அப்பன் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது எவனுக்கோ கொடுத்த வாக்கு பெரிசா? என்னாத்த வளத்தேன் நான்? பஸ்ஸில் வரும்போது ராபர்ட் நிம்மதியாகத் தூங்கினார். தன் கணக்குச் சரியாக வந்த மனுஷனின் தூக்கம் அது.

அக்டோபர் 12

கடைக்குப் போகவில்லை. ஷோரூம் திறந்தபிறகு முதல் தடவை.

நவம்பர் 9

மழை. தீபாவளிக்கு வந்தபோது கிட்டாரை வாங்கி குடோனில் வைத்துப் பூட்டிவிட்டேன். அவள் சண்டை போடவில்லை. "ஈரம் படாத இடமாப் பாத்து வைங்கப்பா" என்று மட்டும் சொன்னாள். பாத்ரூம் டைல்ஸ் பெட்டிகளுக்கு மேலே, ஒழுகாத மூலையில் வைத்திருக்கிறேன். நேற்று போய்த் தொட்டுப் பார்த்தேன். ஈரம் இல்லை.

நெல்லிக்குப்பத்தில் ஒரு பையன், வங்கி வேலை. ராபர்ட் கொண்டுவந்த சம்பந்தம். பாட்டு சர்ச்சில் பரவுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்கிறார். பொங்கல் கழித்து ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். மதியிடம் தைலம் போனில் சொன்னாள்.

"என்னா சொன்னா?"

"பரீட்சை முடியட்டும்னா. வேற ஒண்ணும் சொல்லல."

மதி ஒன்றும் சொல்லாமல் இருப்பது எனக்குப் பழக்கமில்லை. கத்தினால் பதில் சொல்லலாம்.

டிசம்பர் 5

இன்று கடைக்கு ஒரு பையன் வந்தான். வாசலில் ஷூவை விட்டான். போர்டைப் படித்துவிட்டுச் சாக்ஸையும் கழற்றினான். எந்த டைல்ஸையும் பார்க்கவில்லை, நேராக என்னிடம் வந்தான்.

"சார், நான் இளவரசு. மதியோட குழுவுல டிரம்ஸ்."

துணிச்சல்காரன் என்று நினைத்தேன். உட்காரச் சொல்லவில்லை.

"பிப்ரவரில பெரிய விழா சார். மதி இல்லன்னா நாங்க மேடையே ஏற முடியாது. கிட்டாரக் குடுத்தீங்கன்னா…"

"அந்தப் பாட்டுக்கு என்னா அர்த்தம்?"

அவன் விழித்தான். "எங்களுக்கே தெரியாது சார். ஆளுக்கு ஒரு அர்த்தம் வச்சிருக்கோம். நான் பரீட்சையில பிட்டு கைமாத்துறதுன்னு நெனச்சேன். துணிக்கடியில கை, வெளிச்சத்துல தொட மாட்டான். சரியா வருதுல்ல?"

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"அவகிட்டக் கேக்கலியா?"

"கேட்டோம் சார். தெரிய வேண்டியவரு ஒருத்தரு இருக்காரு, அவரு கேட்டாப் புரிஞ்சுக்குவாருன்னு சொல்லுச்சு. அவரு இன்னும் கேக்கலியாம்."

யார் அந்த ஒருவன்? இந்தப் பையன் இல்லை. ஆள் பார்க்கத் தெரிந்தவன் நான், இவன் கண்ணில் பொய் இல்லை. அப்போ வேறொருத்தன் இருக்கிறான். போகும்போது, "வீட்டுக்கு டைல்ஸ் போடுற மாதிரி இருந்தா அப்பாவ அனுப்பு" என்றேன். வாய்ப் பழக்கம்.

2010 ஜனவரி 12

புது டைரி. முதல் பக்கத்தில் எழுத வேண்டியதை இங்கே எழுதுகிறேன். எழுத்து கோணலாக வந்தால் வரட்டும்.

மங்கலம்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்துக்குத் தரை அளவு எடுக்கப் போனேன். நான் பிறந்த பக்கம். வேலை இருந்தால் ஒழிய அங்கே போவதில்லை. பொங்கலுக்கு முந்தின மாட்டுச் சந்தை. வண்டி நகரவில்லை. கண்ணாடியை இறக்கிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

புளியமரத்தடியில் இரண்டு பேர். ஒருவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு பேர் கைக்கும் மேலே போட்டான். மாட்டுத் தரகு. விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடிப்பார்கள். எத்தனை விரல் பிடிக்கிறானோ அத்தனை. பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது.

துணிக்கடியில் ஏன் என் விரலைப் பிடித்தாய்.

அடப் பாவி. அடப் பாவி தேவசகாயம்.

அது நான். அந்தப் பாட்டுல நிக்கிறது நான்.

பதினஞ்சு வயசுல தரகர் ஒருத்தர்கிட்ட மாடு ஓட்டுனேன். சந்தையிலேர்ந்து வாங்குனவன் ஊரு வரைக்கும் பகலெல்லாம் நடை. முன்னாடி மாடுங்க, கழுத்துல மணி. கல்யாண மணியாம், சாவு மணியாம். படிச்சவங்க ரெண்டு பேரு சொன்னாங்க, மாடு ஓட்டுனவன் உக்காந்து தலையாட்டிக் கேட்டேன். போற வழியில பெரிய வீட்டு வாசல்ல தண்ணி கேட்டா, உள்ள கூப்புட மாட்டாங்க. கையைக் குவிச்சு நிக்கணும், ஒசரத்துலேர்ந்து ஊத்துவாங்க. ஒரு சந்தையன்னைக்குத் தரகருக்குக் காய்ச்சல், நான் துண்டோட நின்னேன். வந்தது அந்த வீட்டு ஆளு. என்மேல படாமத் தண்ணி ஊத்துன கை. விலை பேசணுமே. துண்டுக்குள்ள என் விரலைப் புடிச்சான். மெத்துன்னு இருந்த கை. அன்னைக்குத்தான் தெரிஞ்சுது, இவுங்களுக்குத் தீட்டு எல்லாம் நாலு பேரு பாக்கறப்பதான்.

மதி பிளஸ் டூ படித்தபோது தோழி வீட்டில் அவளுக்கு மட்டும் தனி டம்ளர் வைத்தார்கள் என்று அழுதுகொண்டு வந்தாள். அன்றைக்கு அவளை வண்டியில் கூட்டிக்கொண்டு போய், ஓரமாக நிறுத்திவிட்டு இதை அவளிடம் சொன்னேன். ஒரே ஒரு தடவை. சொல்லி முடித்ததும் பயம் வந்துவிட்டது. தைலம் வீட்டில் எல்லோரும் வாத்தியார்கள். வியாபாரக் குடும்பம் என்று சொல்லித்தான் பெண் எடுத்தேன். "இத யாருகிட்டயும் சொல்லக் கூடாது. அம்மாகிட்டகூட. வாக்குக் குடு" என்று அவள் கையில் அடித்து வாங்கினேன்.

அந்த வாக்கு. ஜூஸ் கடையில் அத்தனை நேரம் என்னைப் பார்த்தாளே.

தரை போடுவேன், அதில் உன் முகம் தெரியும், வெறுங்காலோடு நடப்பாய். போர்டு எழுதி மாட்டினவனே நான்தான். அதைக்கூடக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. என் பெண் செய்த தப்பைத் தேடிக்கொண்டு வரி வரியாகப் போனேன். என்னைப் பற்றி ஒருத்தர் உட்கார்ந்து பாட்டு எழுதுவார் என்று எனக்கு எப்படித் தோன்றும்?

மண்டபத்துக்கு அளவு எடுக்காமலே திரும்பிவிட்டேன்.

ஜனவரி 13

மதி பொங்கல் லீவுக்கு வந்திருக்கிறாள். மத்தியானம் குடோனுக்குக் கூப்பிட்டேன். பெட்டிமேல் இருந்து கிட்டாரை இறக்கினேன். என்ன பேசுவது என்று காலையிலிருந்து யோசித்து வைத்தது ஒன்றும் வாயில் வரவில்லை. தோளில் இருந்த துண்டை எடுத்தேன். அவள் கையையும் என் கையையும் மூடினேன். உள்ளே அவள் விரல்கள் ஐந்தையும் பிடித்தேன்.

துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது, வாய் சிரித்தது.

"இவ்ளோ லேட்டாவாப்பா?"

"மாடு ஓட்டுனவனுக்கு இங்கிலீஷ்ல எழுதுனா?"

"தமிழ்ல எழுதியிருந்தா மொதல் வரியிலயே ஊருக்குத் தெரிஞ்சிருக்கும். வாக்குக் குடுத்துட்டேனே. இங்கிலீஷ்தான்பா நான் போட்ட துண்டு."

அந்த டிரம்ஸ் பையனைப் பற்றியும் கேட்டுவிட்டேன். கேட்காமல் விட்டால் தூக்கம் வராது.

"யாரு, இளவரசா? அய்யோ. அவனுக்குத் தாளமே ஒழுங்கா நிக்காது. நான் போயி அவன…"

"துண்ட எடுத்துடலாமாப்பா?" என்றாள். அவள் எதைக் கேட்கிறாள் என்று தெரிந்தது. அம்மாவிடம் சொல்லலாமா, மாமாவிடம் சொல்லலாமா என்கிறாள்.

"இப்ப வேணாம்" என்றேன். உள்ளதைச் சொன்னால் தைரியம் இல்லை.

ஜனவரி 15

ராபர்ட்டிடம் சம்பந்தம் வேண்டாம் என்றேன். காரணம் கேட்டார். "சரக்கு விக்கிறதுக்கு இல்ல மச்சான்" என்றேன். கோபித்துக்கொண்டு போய்விட்டார். தைலம் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். சோறு போட்டாள், குழம்பு ஊற்றவில்லை. நானே ஊற்றிக்கொண்டேன்.

பிப்ரவரி 20

சிதம்பரம். கடையை ஆட்களிடம் விட்டுவிட்டுப் போனேன். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். சத்தம் என்றால் அப்படி ஒரு சத்தம், பல் ஆடியது. பக்கத்தில் ஒரு பையன் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினான். "என்னா தம்பி அர்த்தம் இதுக்கு?" என்று கேட்டேன். "ஏமாத்திட்டுப் போன லவ்வரப் பத்தி சார். எனக்கும் இப்படித்தான் ஆச்சு" என்றான். அவன் தோளைத் தட்டிக் கொடுத்தேன். பாட்டு அவனுக்கும் உதவினால் நல்லதுதானே.

துணி வரி வந்தபோது மதி மைக்கை விட்டுவிட்டு ஒரு கையை நீட்டினாள். என் கை மடியில் தானாக மூடிக்கொண்டது. டிரம்ஸில் தாளம் நிற்கவில்லை என்பது எனக்கே தெரிந்தது.

2011 ஜூன் 6

மதிக்குச் சென்னையில் வேலை. வாரத்தில் ஐந்து நாள் கம்ப்யூட்டர், இரண்டு நாள் பாட்டு. தைலம் அவளுக்குப் புளிக்காய்ச்சல் கிண்டுகிறாள்.

2012 ஜனவரி 9

டைரியே மறந்துபோயிற்று. தானே புயல் ஷோரூம் கூரையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. பத்து நாளாகக் கரண்ட் இல்லை. தரைக்கு ஒன்றும் ஆகவில்லை. தண்ணீரை வாரிவிட்டுத் துடைத்தால் அதே பளபளப்பு. போர்டைக் காணோம். ஊரே இடிந்து கிடக்கும்போது செருப்புக்கு என்ன போர்டு, திரும்ப மாட்டவில்லை. ஆனாலும் வருகிறவர்கள் கழற்றிவிட்டுத்தான் வருகிறார்கள்.

பிப்ரவரி 27

மதி போன். பாட்டை ஸ்டுடியோவில் பதிவு செய்கிறார்களாம், சிடி போடுகிறார்களாம். "எதாவது மாத்தணுமாப்பா?" என்று கேட்டாள். சும்மா ஒரு மரியாதைக்குக் கேட்டாளோ என்னவோ. நான் இரண்டு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன்.

"ஏழு மாடு இல்ல. பதினொண்ணு."

"அப்பா, பதினொண்ணுன்னு போட்டா மெட்டுல நிக்காது."

"நடந்தது நானு. ஏழுக்கும் பதினொண்ணுக்கும் எவ்ளோ வித்தியாசம்னு ஓட்டிப் பாத்தாத் தெரியும். மெட்ட மாத்து."

சிரித்தாள். பார்க்கிறேன் என்றாள்.

ஏப்ரல் 8, ஈஸ்டர்

சர்ச் முடிந்து எல்லோரும் வீட்டுக்கு வந்தோம். ராபர்ட்டும் வந்தார், பழைய கோபம் எல்லாம் கரைந்துவிட்டது. சாப்பிட்டபின் மதி சிடியைப் போட்டாள். பதினொன்று என்றே பாடியிருக்கிறாள். அந்த இடத்தில் தாளம் ஒரு தடவை தடுக்கி எழுந்திருக்கிறது. மாடு கல்லில் கால் இடறினால் அப்படித்தான் மணி கேட்கும்.

ராபர்ட் பல் குத்திக்கொண்டே கேட்டார்: "இத்தன வருஷம் ஆச்சு. இப்பவாவது சொல்லு மதி, அது யாரு?"

அவள் என்னைத்தான் பார்த்தாள், ஜூஸ் கடையில் பார்த்த அதே பார்வை.

"நான்தான் மச்சான்" என்றேன். "மாடு ஓட்டுனேன். பதினொண்ணு."

எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர் ஊற்றியது, துண்டு, அந்த மெத்தென்ற கை. தைலம் என்ன சொல்வாளோ என்று அவள் பக்கமே திரும்பவில்லை.

"நாள் முழுக்க நடந்தீங்களே, என்னா சாப்புட்டீங்க?" என்று கேட்டாள்.

வெல்லமும் அவலும் என்றேன். எழுந்து உள்ளே போனாள், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

ராபர்ட் பல் குத்தும் குச்சியைக் கீழே வைத்தார். "அது எப்படி மாப்ள, விரல்ல விலை சொல்றது?" என்று கையை நீட்டினார். ஹெட்மாஸ்டர் கை, சாக்பீஸ் பிடித்த கை. நான் பழக்கத்தில் தோளுக்குக் கையைக் கொண்டுபோனேன்.

"துண்டு வேணாம்பா" என்றாள் மதி.

ஜன்னல் வெயிலில், எல்லோரும் பார்க்க, ஒவ்வொரு விரலாகப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தேன். அந்தக் காலத்தில் ஒரு விரல் நூறு, பாதி விரல் ஐம்பது. ராபர்ட் இரண்டு தடவை தப்பாகப் பிடித்து ஒரு கறவை மாட்டை அடிமாட்டு விலைக்கு விற்றார். தைலம் அவரைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். முந்நூறு என்று நான் நீட்டிய மூன்று விரலைப் பார்த்துவிட்டு, யோசிக்காமல், இரண்டைப் பிடித்தாள்.